பந்தய வாரும் தெருக் காரும்

2025 ஜனவரியில் துபாயில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் நடிகர் அஜித்குமாரின் பந்தயக் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. கார் நொறுங்கியது; அவரோ காயமின்றி இறங்கி நடந்தார். அவர் தோள்களை இறுக்கிப் பிடித்திருந்தது போன்ற அகலமான வார்கள் இன்று நம் ஊரிலும் விலைக்குக் கிடைக்கின்றன. சிறுசேரியில் கணிப்பொறிப் பணி செய்யும் ஓர் இளைஞர், தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் அதே காரில் அவற்றைப் பூட்டி, வண்டலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் புறப்பட்டுவிடலாம். இவ்வாறு வாரை மட்டும் மாற்றுவது பாதுகாப்பைக் கூட்டுமா? கூட்டாது, குறைக்கவே கூடும் என்பது என் கருத்து.

இந்த ஆசையில் நியாயம் இல்லாமலில்லை. வளைவுகளில் விரைந்து திரும்பும்போது உடல் பக்கவாட்டில் சரிகிறது. ஓட்டுநர் விழாமலிருக்கச் சக்கரத்தையே பிடித்துத் தொங்குகிறார். பந்தய வார் உடலை இருக்கையோடு கட்டிவிடுவதால் கைகள் ஓட்டுவதற்கு மட்டும் பயன்படுகின்றன.

ஆனால் மோதலில் என்ன நிகழ்கிறது? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்பவர் 60 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்தப்படுவதாகக் கொள்வோம். கணக்கிட்டால், புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 16 மடங்கு வேகத்தடை வருகிறது. 70 கிலோ எடையுள்ளவர் அக்கணத்தில் 1,100 கிலோவுக்கு மேல் கனப்பார்! இப்பளுவை இடுப்பெலும்பும் மார்புக்கூடும் தாங்க வேண்டும், குடல் தாங்கலாகாது. 1959-இல் வோல்வோ பொறியாளர் நீல்ஸ் போலின் அமைத்த மும்முனை வாரின் சிறப்பே இதுதான்.

நான்கு முனை வாரில் இரு தோள்வார்களும் வயிற்றின் நடுவேயுள்ள பூட்டில் சேர்கின்றன. மோதலின்போது அவை பூட்டை மேலே இழுக்கின்றன. இடுப்புவார் எலும்பை விட்டு நழுவி வயிற்றில் அழுந்த, உடல் அதன் அடியில் வழுக்கிச் செல்கிறது. இதைத் தடுக்கத்தான் பந்தயக் கார்களில் தொடைகளுக்கிடையே ஐந்தாவது, ஆறாவது வார்கள் உள்ளன. தெருக் காரின் மெத்தை இருக்கையில் அவற்றுக்குத் துளையே கிடையாது. ஒரு தோள்வார் மட்டும் சற்று நீண்டு கொடுத்து இக்குறையைத் தவிர்க்கும் ஜெர்மானிய நான்கு முனை வார்களும் உண்டு. அவையும் குறிப்பிட்ட கார்களுக்கும் இருக்கைகளுக்கும் மட்டுமே உரியவை.

அடுத்தது கோணம். தோள்வார்கள் தோளிலிருந்து ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பின்னிருக்கையின் அடியிலுள்ள ஆணியில் அவற்றைப் பூட்டினால் சரிவு 45 பாகையை எட்டிவிடும். அப்போது உடலைப் பின்னே இழுக்கும் விசை எவ்வளவோ, அவ்வளவு விசை முதுகெலும்பைக் கீழ்நோக்கியும் அழுத்தும். 10 பாகைச் சரிவில் அது ஆறில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். திரிகோண கணிதம் படிக்கும் மாணவர் இதைத் தாமே சரிபார்க்கலாம்.

உடலைக் கட்டினோம், தலையை? 2001 பிப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையைத் தோளோடு பிணைக்கும் கழுத்துக் காப்பை ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980-களிலேயே உருவாக்கியிருந்தனர். நாஸ்கார் அமைப்பு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது இச்சாவுக்குப் பின்னர், அதே ஆண்டில்தான். கார் உருண்டு கூரை அமுங்கினாலும் இடர் உண்டு: மும்முனை வார் அணிந்தவர் பக்கவாட்டில் சாய முடியும்; நான்கு முனை வார் அணிந்தவர் நிமிர்ந்தே இருந்தாக வேண்டும். அதனால்தான் பந்தயக் காரில் எஃகுக் குழாய்க் கூண்டு இருக்கிறது. துபாயில் மோதிய காரில் கூண்டு, குழிவான இருக்கை, ஆறு முனை வார் ஆகிய அனைத்தும் ஒன்றற்கொன்று பொருந்த அமைந்திருந்தன.

அவ்வளவையும் தெருக் காரில் பொருத்தலாமே என்பீர்கள். பொருத்தலாம், ஆனால் அந்தக் கார் பிறகு அலுவலகம் போக ஏற்றதன்று. தலைக்கவசமில்லாத தலைக்குப் பக்கத்தில் எஃகுக் குழாய் இருப்பது சிறு மோதலிலும் ஆபத்து.

எப்போதாவது தடத்துக்குச் செல்பவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. இருக்கையைச் சற்றுப் பின்னே தள்ளி, மும்முனை வாரை அணிந்து, வெடுக்கென்று இழுத்தால் சுருள் பூட்டிக்கொள்ளும். இழுத்த பிடியை விடாமல் இருக்கையை முன்னே நகர்த்துங்கள். பெரும்பாலான கார்களில் வார் உடலோடு இறுகி நிற்கும்.