நோயாளிக் கணவன் என்னும் கட்டுக்கதை

‘உங்கள் கணவர் நார்சிசிஸ்டா? பத்து அறிகுறிகள்’ என்கிற ரகக் காணொளிகள் தமிழிலும் கொட்டிக்கிடக்கின்றன. வதைப்பவனுக்கு ஒரு மனநோய்ப் பெயர் சூட்டிவிட்டால் வதை புரிந்துவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. குடும்ப வன்முறை ஆய்வில் உருப்படியான வேலையெல்லாம் அந்த நம்பிக்கையைக் கைகழுவிய பிறகுதான் நடந்தது.

முதலில் நோய்ப்பெயர் வாங்கியவள் மனைவி. 1964இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் மூவர், அடிவாங்கும் மனைவியரின் குணத்திலேயே கோளாறு தேடிக் கூசாமல் எழுதினார்கள். 1979இல் உளவியலாளர் லெனோர் வாக்கர் அந்த அபத்தத்தை உடைத்தார். ஆனால் இறுக்கம், வெடிப்பு, சமாதானம் என்று அவர் வரைந்த சுழற்சி பாடப்புத்தகங்களை விட்டு நகர மறுக்கிறது. வெடிக்காத வீடுகளுக்கு அதில் இடமில்லை. மினசோட்டாவின் டுலூத் நகரில் பெண்கள் சொன்னதைக் கேட்டு 1984இல் உருவான சக்கரப்படம் இன்னும் நேர்மையானது. அடி உதை அதன் விளிம்பில்தான். ஆரங்களில் மிரட்டல், ஆள் அண்டவிடாமல் வைப்பது, காசைப் பிடித்துவைப்பது, பிள்ளைகளை வைத்துக் காய் நகர்த்துவது. பட்ரீசியா எவான்ஸ் 1992இல் எழுதியது கருணையான நூல். ஏச்சுப்பேச்சை வகைபிரித்ததோடு நின்றுவிட்டது.

சமூகவியலாளர் ஈவன் ஸ்டார்க் அங்கே நிற்கவில்லை. 1970களின் இறுதியில் ஆன் ஃப்ளிட்கிராஃப்டுடன் சேர்ந்து நியூ ஹேவன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக் கோப்புகளைப் புரட்டியவர். காயத்தை எண்ணத் தொடங்கியவர், 2007இல் வந்த ‘கோயர்சிவ் கன்ட்ரோல்’ (அடக்கியாளுதல்) நூலில் காயத்தை எண்ணினால் போதாது என்கிறார். அவர் சொல்லும் ஒரு சம்பவம்: விளையாட்டு மைதானத்தில் ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். கணவன் வந்து, குளிருமே என்று ஸ்வெட்டரை நீட்டுகிறான். என்ன அன்பு என்று தோழிகள் உருகுகிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியும்: இன்றிரவு கைகளை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது செய்தி. இதை எந்தப் பத்து அறிகுறிப் பட்டியல் பிடிக்கும்? அந்தச் சொல்லில் விஷமில்லை. அந்த வீட்டின் சட்டதிட்டத்தில் இருக்கிறது. ஸ்டார்க் இதைப் பிணைக்கைதியின் நிலையோடு ஒப்பிட்டார். பறிபோவது சுதந்திரம் என்றார். இங்கிலாந்து 2015இல் இத்தகைய அடக்கியாளுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஸ்காட்லாந்து 2018இல் சட்டம் இயற்றியது. 2024இல் அவர் மறைந்தபோது இங்கே பெரிய சலனமில்லை.

நம்முடைய 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்வன்முறையைப் பெயர்சொல்லிச் சேர்த்தது. குழந்தை இல்லை, ஆண்பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவதும் அதில் அடக்கம். எல்லோரும் மெச்சுவது இந்தப் பட்டியலைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மூன்றாம் பிரிவின் வாலில் இருக்கும் விளக்கம்: ஒரு நடத்தை வன்முறையா என்று முடிவுசெய்ய வழக்கின் மொத்தச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும். ஸ்டார்க்கின் புத்தகம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே நாம் எழுதிவைத்த வரி இது. ஆனாலும் மனு எழுதும் மேசையில், “என்னைக்கும்மா அடிச்சாரு?” என்பதுதான் முதல் கேள்வி. தேதி சொல்ல முடியாதவள் விழிக்கிறாள். தாய்வீட்டுக்குப் போன் போட்டால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், பால் பாக்கெட்டுக்கும் ரசீது காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் வாயில் கடைசியாக, தயங்கித் தயங்கி வருகிறது. மனுவின் முதல் பத்தியில் இருக்க வேண்டியது அதுதான்.