ஒரு கையில் கரும்பு, மறு கையில் பைனாகுலர்

மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரை மணி. கண்மாய்க் கரையில் பனி விலகவில்லை. சின்னதும் பெரிசுமாகப் பதினோரு பேர் நிற்கிறோம். இருப்பதோ ஒரே ஒரு பைனாகுலர். அதற்கு நடந்த தள்ளுமுள்ளு வாடிவாசலில்கூட நடக்காது. என் முறை வந்தபோது நாட்டுக் கருவேலத்தின் உச்சியில் ஒரு நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவே ஓர் இடைவெளி, அதன் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது! நாற்பது வருடமாக இதே கரையில் குளித்தவன், இதை அன்றுதான் பார்த்தேன். சத்தியமாகக் கத்திவிட்டேன்.

2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையின் நான்கு நாளும் நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பு இது. காட்டுக்குப் போக வேண்டாம், காசு கட்ட வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று எழுதி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். இதைவிட மலிவான திருவிழா உண்டா?

எங்கள் குழுவின் மேதை அப்பத்தாதான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆக்காட்டியின் குரல் கேட்டதுமே, "வரப்புல முட்டை கெடக்கு, பாத்து நடங்கடா" என்பாள். புத்தகத்தில் நாங்கள் தேடித் தடுமாறிய மடையானும் உள்ளானும் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. செம்பருந்து பறந்தால் "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்று பழுப்பாக ஒன்று வட்டமடித்தபோது மட்டும், "கோழிக்குஞ்சு களவாணி, போ அங்கிட்டு!" என்று விரட்டினாள். நானும் கள்ளப் பருந்து என்றே எழுதினேன். எட்டாவது படிக்கும் பெண் விடவில்லை. "அண்ணே, வாலைப் பாருங்க. கள்ளப் பருந்துக்கு மீன் வால் மாதிரி பிளந்திருக்கும். இதுக்கு விசிறி மாதிரி வட்டமா இருக்கு." ஆமாம், நிறம் மாறாத இளம் செம்பருந்து! சேதி கேட்ட அப்பத்தா, "அடப்பாவிகளா, சாமியவா வஞ்சேன்!" என்று இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பட்டியலில் அடித்துத் திருத்திய அந்த ஒரு வரிக்காகவே பொங்கல் முழுக்கக் கரையில் கிடக்கலாம்.

இப்படி ஊர் ஊராக மக்கள் எழுதிய பட்டியல்களைக் கொண்டுதான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 942 இனங்களை அலசியது. பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாம். எங்கள் ஊர்ச் சாலையில் கரண்டுக் கம்பியில் தினமும் உட்காருமே, சிறகை விரித்தால் நீலம் நீலமாகக் கொட்டுமே, அதுவேதான். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் நடப்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பனை உழவாரன் பனையோலையின் அடியில் எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஒட்டிக் கூடு கட்டும் என்று தெரிந்துகொண்ட பையன்கள், புரட்டாசியில் மூட்டை மூட்டையாகப் பனங்கொட்டை பொறுக்கி வந்து கரையில் ஊன்றினார்கள். அவை வளர்ந்து உழவாரன் குடியேறுவதற்குள் இவன்களுக்கே பிள்ளை குட்டி ஆகிவிடும், இருக்கட்டுமே! எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாய்த் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதைச் சொல்லித்தான் எங்கள் இளவட்டங்களும் கண்மாய்ப் பக்கம் வெடியை நிறுத்தினார்கள். மஞ்சப்பையும் வந்துவிட்டது, பாதி வீடுகளுக்கு. டீக்கடைப் பிளாஸ்டிக் கப் மட்டும் மடையை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதில் எங்களுக்குத் தோல்விதான்.

வருகிற பொங்கலுக்குப் பானை பொங்கியதும் மொட்டை மாடிக்குப் போய்ப் பதினைந்தே நிமிடம் நில்லுங்கள். பார்த்ததையெல்லாம் எழுதுங்கள், காக்கையையும் சேர்த்து. முதல் வருடம் நாங்கள் அதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டோம்.