சாலையை நம்பவைத்த படங்கள்

தாம்பரத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை வீட்டு வாசல் மாதிரி. அதனாலேயே, வண்டி ஓடும் படம் என்றால் அந்த ஓட்டம் நம்பும்படி இருக்க வேண்டும் எனக்கு. அந்தரத்தில் பறந்து விழும் கார்களில் மனசு ஒட்டுவதில்லை.

என் கணக்கில் முதலிடம் ‘எங்கேயும் எப்போதும்’ (2011). இயக்குநர் எம். சரவணன் விபத்தை முதலிலேயே காட்டிவிட்டுத்தான், திருச்சிக்குப் போகும் பஸ்ஸையும் சென்னைக்கு வரும் பஸ்ஸையும் கிளப்புகிறார். முடிவு தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் பஸ் ஒவ்வொரு முறை முந்தும்போதும் அடிவயிறு கலங்குகிறது. மகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து திரும்பும் தகப்பன், புதிதாய்க் கல்யாணமான ஜோடி... 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறப்பதற்கு முன், பெருங்களத்தூரில் ராத்திரி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அந்த முகங்கள் நன்றாகத் தெரியும்.

‘கைதி’ (2019) வேறு ருசி. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. ஒரே ராத்திரி, ஒரு லாரி. கார்த்தி ஸ்டியரிங்கை வளைக்கும்போது தோள்பட்டையிலேயே வண்டியின் கனம் தெரிகிறது. சத்யன் சூரியனின் ஒளிப்பதிவில் ஹெட்லைட் எட்டும் தூரம்தான் உலகம்.

அதே கார்த்தியின் ‘பையா’ (2010) யுவனின் பாட்டுக்காகப் பிடிக்கும். ஆனால் பெங்களூரிலிருந்து மும்பை வரை ஓட்டிய களைப்பு அதில் இல்லை. எனக்கு அது குறைதான்.

‘எங்கேயும் எப்போதும்’ பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். வீட்டில் புதிதாக வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.