நீல வெளிச்சத்தை நம்பலாமா? ஒரு யுவி வாட்டர் ஃபில்டரின் சோதனை

கடையில் போய் "ஆர்ஓ வேண்டாம், வெறும் யுவி போதும்" என்றால் விற்பவர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். "அதெல்லாம் பழைய டெக்னாலஜி சார்" என்று ஆர்ஓ வரிசைக்கு அழைத்துப் போவார். சென்னையில் மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்கு நான் வாங்கி மாட்டியது அந்தப் பழைய வகைதான். 11 வாட் விளக்கு. நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர். சேமிப்புத் தொட்டி கிடையாது. எந்த கம்பெனிப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய இதே சாமான்கள்தான் இருக்கும். ஆகவே இது ஒரு மாடலுக்கான மதிப்பெண் அல்ல, மொத்த வகைக்குமானது.

உள்ளே என்ன இருக்கிறது?

தண்ணீர் முதலில் செடிமென்ட் ஃபில்டர், பிறகு கார்பன், கடைசியாக ஒரு ஸ்டீல் குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயின் நடுவில் குவார்ட்ஸ் உறை, உறைக்குள் பாதரச விளக்கு. சாதாரணக் கண்ணாடி விளக்கின் புற ஊதாக் (யுவி) கதிரைத் தடுத்துவிடும், அதனால்தான் குவார்ட்ஸ்.

விளக்கு உமிழும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. டிஎன்ஏ மிகுதியாக உறிஞ்சுவது 260ஐ ஒட்டிய கதிரை. இந்தப் பொருத்தம்தான் கருவியின் உயிர். கதிர் பட்டதும், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பல் ஒட்டிய ஜிப் அந்த இடத்தில் சிக்குவதுபோல, நகலெடுக்க வரும் நொதி அங்கே நின்றுவிடும். கிருமி கரைந்து போவதில்லை, வடிகட்டப்படுவதும் இல்லை. தண்ணீரோடு நம் வயிற்றுக்குத்தான் போகிறது. ஆனால் பெருக முடியாது. பெருகாத கிருமியால் நோய் தர முடியாது.

ஓரிரண்டு ஒட்டு விழுந்தால் போதாது. பல பாக்டீரியாக்களிடம் நீல ஒளியின் துணையோடு இந்த ஒட்டைப் பிரித்துவிடும் நொதி உண்டு. 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் இந்த மீட்சியைக் கண்டறிந்து எழுதினார். எனவே கதிரின் வலிமையும் தண்ணீர் அதில் இருக்கும் நேரமும் பெருக்கி வரும் அளவு முக்கியம். அமெரிக்காவின் என்எஸ்எஃப் 55 தரத்தில் 'ஏ' வகைக் கருவிக்குக் கேட்கப்பட்ட அளவு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். குளோரினுக்கு அசராத கிரிப்டோஸ்போரிடியம் இதற்கு எளிதில் மடங்கும், 99.9 சதவீதத்தை முடக்க 12 மில்லிஜூலையே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்கில் கொள்கிறது. அடினோவைரஸ் நேர் எதிர். 99.99 சதவீதத்துக்கு 186 மில்லிஜூல் தேவை. "எல்லாக் கிருமியும் காலி" என்று அட்டைப்பெட்டியில் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்த்தேன்

மலக் கிருமிக் கலப்பு இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பிகளை வாங்கினேன். ஆய்வகத் துல்லியம் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போதும். சம்ப் தண்ணீர் ஊற்றிய குப்பி மறுநாளே கறுத்தது. ஃபில்டரில் பிடித்தது கடைசிவரை நிறம் மாறவில்லை. கருவி தன் வேலையைச் செய்கிறது.

அடுத்து, செடிமென்ட், கார்பன் இரண்டையும் கழற்றிவிட்டு மண் கலங்கிய தண்ணீரை விட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது, குப்பியோ கறுத்தது. மண்துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். செடிமென்ட் ஃபில்டரை உபரி என்று நினைத்து மாற்றாமல் விடுபவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது சோதனை நம் சமையலறைப் பழக்கத்துக்கானது. சுத்தமான தண்ணீரைக் குடத்தில் பிடித்து, வீட்டில் எல்லோரும் டம்ளரை விட்டு மொண்டு குடிக்கவிட்டேன். மாலையில் எடுத்த தண்ணீரிலும் குப்பி கறுத்தது. குளோரின் தண்ணீரிலேயே தங்கிக் காவல் காக்கும். கதிர் குழாயைத் தாண்டியதும் முடிந்தது. குழாய் வைத்த பாத்திரத்தில் பிடியுங்கள், அல்லது அவ்வப்போது பிடித்துக் குடியுங்கள்.

நீல வெளிச்சம் சொல்லாதது

இந்த வகையின் பெரிய குறை, அது சரியாக வேலை செய்கிறதா என்பதை நமக்குச் சொல்லாதது. பெட்டியின் சிறு ஜன்னலில் தெரியும் நீலம் பாதரசத்தின் கண்ணுக்குத் தெரியும் ஒளி. கிருமியை முடக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. 8,000, 9,000 மணி நேரம் எரிந்த விளக்கில் கதிர் குறைந்துவிடும், நீலம் அப்படியே இருக்கும். "லைட்டு எரியுதே சார், நல்லாத்தான் இருக்கு" என்று சர்வீஸ் ஆள் சொன்னால் அது விளக்கைப் பற்றிய தகவல், தண்ணீரைப் பற்றியது அல்ல. கதிரையே அளக்கும் சென்சார் உள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.

குவார்ட்ஸ் உறையில் படியும் உப்பும் இரும்புக் கறையும் இன்னொரு தொல்லை. இதை வடிவமைப்பிலேயே தவிர்த்தவர் அசோக் காட்கில். 1992-இல் சென்னையில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலரா பரவியதைப் பார்த்து, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 'யுவி வாட்டர்வொர்க்ஸ்' கருவியை உருவாக்கினார். விளக்கு தண்ணீருக்குள் இல்லை, மேலே தொங்கும். கறை படிய உறையே கிடையாது. நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஓடும் ஊர்ப் பொதுக் கருவி அது. நம் சுவர்ப் பெட்டியில் உறை இருக்கிறது. சர்வீஸின்போது அதைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். எரியும் விளக்கைப் பார்த்தால் கண் புண்ணாகும்.

யார் வாங்கலாம்?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் காட்டினால், மெட்ரோ வாட்டரோ நல்ல கிணற்று நீரோ, இது போதும். ஆர்ஓ போலத் தண்ணீரை வீணாக்காது. கரண்ட் செலவும் சொற்பம். உவர்ப்பான போர் தண்ணீருக்கு உதவாது. உப்பையும் ஃபுளோரைடையும் கதிர் தொடாது. ஆண்டுக்கொரு முறை விளக்கை மாற்றச் சோம்பல்படுபவர்கள் இதை வாங்குவதைவிடத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். அடுப்பு எரிகிறதா, தண்ணீர் கொதிக்கிறதா என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.