சோர்கியும் லைக்காவும்: ஒரு பட்டறைக் கணக்கு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரஷ்ய கேமராவுக்கு இரண்டு ஜாதகம் உண்டு. வாங்க வருபவரிடம், "லைக்காவேதான் சார், பேர் மட்டும் வேற." அதையே விற்க வருபவரிடம், "டூப்ளிகேட் சார், யார் வாங்குவா?" வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் கேமராவைப் பற்றி நிறையப் படித்தவர்களும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஏழைகளின் லைக்கா என்கிறது ஒரு கட்சி, ஈயடிச்சான் காப்பி என்கிறது இன்னொரு கட்சி.

சந்தையிலிருந்து திருநீர்மலை வழியாக வந்தால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. இங்கே லேத் ஓட்டுகிறவர்களிடம் இந்த வழக்கைக் கொண்டுபோனால் வேறு கேள்வி கேட்பார்கள். ஒரு சாம்பிளைக் கொடுத்து "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றால், கைதேர்ந்த டர்னர் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்துச் செய்து கொடுத்துவிடுவார். "இதே மாதிரி ஐயாயிரம்" என்று ஆர்டர் வரும்போதுதான் தொழில் ஆரம்பிக்கிறது. அதற்கு கேஜ் வேண்டும், இன்ஸ்பெக்ஷன் வேண்டும், தேறாத பீஸைத் தூக்கிப் போட மனசும் வேண்டும். சோவியத் கேமராக்களைப் பற்றி என் கணக்கும் இதுதான். ஜெர்மன் டிராயிங்கை அவர்கள் ஒழுங்காகவே எடுத்துக்கொண்டார்கள், சில இடங்களில் திருத்தவும் செய்தார்கள். கழித்துப் போடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெட்ஸ்லர் நகரின் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா, 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் வெளிவந்தது. 1932-இன் லைக்கா 2-இல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. லென்ஸைத் திருகத் திருக, சின்ன ஜன்னலுக்குள் தெரியும் இரட்டை உருவம் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ். இரண்டே ஆண்டில், 1934-இல், உக்ரைனின் கார்கிவில் அதன் நகல் தயாராகத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தது பெரிய ஒளியியல் ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். வீடற்ற பிள்ளைகளுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூன் அது. கேமராவுக்கு முன் அங்கே செய்துகொண்டிருந்தது மின்சார டிரில். கம்யூனுக்குப் பெயர் தந்த ஃபெலிக்ஸ் எட்முந்தவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள் சேர்ந்து கேமராவுக்கு 'ஃபெட்' என்று பெயரானது.

தொடக்க கால ஃபெட்டின் குறை எங்கே இருந்தது என்பதைத் திருகுமரையில் பார்க்கலாம். லைக்காவின் லென்ஸ் மரை 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. அதாவது பிட்ச் 0.977 மி.மீ. ஃபெட் அதை முழுசாக 1 மி.மீ. ஆக்கிக்கொண்டது. வித்தியாசம் 23 மைக்ரான். ஒரு புரியில் கைக்குத் தெரியாது. நான்கைந்து புரி இறங்குவதற்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டராகச் சேர்ந்து, லென்ஸ் இறுகிக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம். லைக்காவில் அது 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்பட்டது. போருக்கு முந்தைய ஃபெட்டில் அப்படிப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் லென்ஸைத் தனித்தனியாகச் சரிபார்த்துப் பொருத்தி அனுப்பினார்கள். ஒன்றின் லென்ஸை இன்னொன்றில் மாட்டினால் ஃபோகஸுக்கு உத்தரவாதம் இல்லை. நியாயமாகச் சொன்னால், 1930-இல் லென்ஸ் கழற்றும் வசதி தந்தபோது லைக்காவும் இதே நிலையில்தான் இருந்தது. ஆனால் மறுவருடமே தரப்படுத்திக்கொண்டது. இந்த ஒரு வருடத்துக்குத்தான் நான் லைட்ஸுக்கு மார்க் போடுவேன்.

போருக்குப் பின் மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையும் களத்தில் இறங்கியது. 1948-இல் அங்கிருந்து வந்தது சோர்கி. மரையும் அளவும் லைக்காவோடு ஒத்துப்போயின. 1950களின் நடுவில் வந்தவற்றை நகல் என்று சொல்வதே அநியாயம். பர்னாக் காலத்து லைக்காவில் பிலிம் போடுவது ஒரு சடங்கு. அடிமூடியைக் கழற்றி, பிலிமின் நுனியை நீளமாகக் கத்தரித்து, கீழிருந்து செருக வேண்டும். ஃபோகஸுக்கு ஒரு ஜன்னல், சட்டகம் பார்க்க இன்னொன்று. 1955-இன் ஃபெட்-2-இல் முதுகுப்பலகை முழுவதும் கழன்று வரும், இரண்டு ஜன்னலும் ஒன்றாகிவிட்டது. ரேஞ்ச்ஃபைண்டரின் அடிநீளம் 67 மி.மீ., அதாவது 1954-இல் உலகமே கொண்டாடிய லைக்கா எம்3-க்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறைவு. 1956-இல் வந்த சோர்கி-4-இல் கண்ணாடி போட்டவர்களுக்காகப் பார்வையைத் திருத்தும் நெம்புகோல்கூட உண்டு. சோர்கி-4 மட்டும் சுமார் 17 லட்சம் விற்றது. எம்3 இரண்டேகால் லட்சத்தைச் சுற்றித்தான்.

அந்தப் பதினேழு லட்சத்தில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ஐந்தாண்டுத் திட்டம் எண்ணிக்கையைக் கேட்டது, எண்ணிக்கை வந்தது. சோர்கி-4-இல் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். மறந்து முன்பே திருப்பினால் உள்ளிருக்கும் அமைப்பு கெட்டுப்போகலாம். பழைய லைக்காவிலும் ஏற்றிவிட்டுத்தான் வேகத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் மறதிக்கு அது இவ்வளவு அபராதம் போடாது. வ்யூஃபைண்டரில் சட்டகக் கோடு கிடையாது, ஓரத்தில் என்ன விழும் என்பது உத்தேசம்தான். இரண்டு சோர்கியைப் பக்கத்தில் வைத்து ஏற்றிப் பாருங்கள். ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று மணல் விழுந்த மாதிரி நறநறக்கும். இரண்டும் ஒரே வருடத்துச் சரக்காக இருக்கும்.

இது டிராயிங்கின் குற்றமில்லை என்பதற்குக் கியேவ் கேமராவைவிட நல்ல சாட்சி கிடையாது. லைக்காவுக்குப் போட்டியாக ஸெய்ஸ் ஐகான் 1936-இல் கொண்டுவந்த கான்டாக்ஸ் 2, அந்தக் காலத்தின் மிகச் சிக்கலான கேமராக்களில் ஒன்று. பித்தளைப் பட்டைகளால் ஆன, மேலிருந்து கீழாக ஓடும் ஷட்டர், 90 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் அடிநீளம். போர் இழப்பீடாக அதன் தயாரிப்புக் கருவிகளும் உதிரிகளும் கியேவ் நகரின் ஆர்சனல் ஆலைக்குப் போயின. 1940களின் கடைசியில் வந்த முதல் கியேவ்களுக்குள் ஜெர்மன் பாகங்களே இருந்தன. ஜெர்மனியிலோ, ஸெய்ஸ் ஐகான் ஸ்டுட்கார்ட்டில் புதிதாக வடிவமைத்த கான்டாக்ஸ் 2ஏ-வுக்குப் போய்விட்டது. ஆகவே பழைய கான்டாக்ஸின் நேர் வாரிசு கியேவ்தான், 1980கள் வரை வந்துகொண்டிருந்தது. ஒரே டிராயிங், ஒரே பரம்பரை. இருந்தும் 1950களின் கியேவ்களைத் தேடி வாங்குகிறவர்கள், 1970களுக்குப் பிந்தையதைக் கண்டால் இரண்டு முறை யோசிக்கிறார்கள். அவர்கள் யோசிப்பதில் நியாயம் உண்டு.

லென்ஸ் விஷயத்தில் என் தீர்ப்பு வேறு. ஸெய்ஸில் லுட்விக் பெர்டெலெ வடித்த சொன்னார் லென்ஸ்தான் சோவியத்தில் ஜுபிட்டர்-8 ஆனது. ஸெய்ஸின் பயோகான்தான் ஜுபிட்டர்-12. போருக்கு முந்தைய சொன்னார்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத பூச்சு, ஜுபிட்டருக்கு உண்டு. எதிர்வெளிச்சத்தில் அதன் பலன் தெரியும். ஜுபிட்டரை லைக்காவில் மாட்டிவிட்டு, கிட்டத்தில் ஃபோகஸ் தவறுகிறது என்று திட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. குவியத் தொலைவைக் கணக்கில் வைத்துச் செய்தது. ஜுபிட்டர் ஸெய்ஸ் வழியில் 52.4. தூரத்தில் சரியாக இருக்கும், கிட்டத்தில் துளையை முழுசாகத் திறந்தால் நழுவும். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் ஒரு அடாப்டர் வைத்து மாட்டினால் இந்த வழக்கே தள்ளுபடி, திரையில் தெரிவதுதான் படம்.

நம் ஊரில் இந்த ஒப்பீட்டுக்கு மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: சென்னையின் ஈரக்காற்று. பீரோவில் தோலுறையோடு வைத்துப் பூட்டிய லென்ஸில் பூஞ்சை ஏறும்போது, அது வெட்ஸ்லரா கிராஸ்னகோர்ஸ்கா என்று பார்ப்பதில்லை. ரப்பர் பூசிய ஷட்டர் துணி இரண்டிலும் வெடிக்கும். ஆனால் லைக்காவை வேலை தெரிந்தவர் கையில் கொடுத்துச் சரிசெய்யும் கூலியில் சோர்கியே வாங்கிவிடலாம். சோர்கிக்கு உதிரி வேண்டுமென்றால் இன்னொரு சோர்கிதான் வழி.

லைக்கா விலையில் ஒரு பங்கு இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிறது, அது நியாயம். இன்னொரு பங்கு சிவப்பு வட்டச் சின்னத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சேகரிப்பாளர்களுக்கும் போகிறது. படம் எடுக்கிறவர் அதை ஏன் சுமக்க வேண்டும்? இந்த மோகத்தால்தான் ஃபெட்டையும் சோர்கியையும் சுரண்டி, 'லைக்கா' என்ற பெயரையும் நாஜிக் கழுகையும் பொறித்துத் தங்க நிறத்தில் விற்கும் போலித்தொழிலே பிழைக்கிறது. போலியா என்று அறிய, லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நுனியில் சின்ன உருளை இருந்தால் லைக்கா. ஆப்பு மாதிரி சாய்ந்த உலோக நுனி இருந்தால் சோவியத் சரக்கு.

பட்ஜெட் குறைவு, பிலிமில் எடுத்துப் பார்க்க ஆசை என்றால் 1950களின் ஃபெட்-2 ஒன்றும் ஜுபிட்டர்-8 ஒன்றும் வாங்குங்கள். கேமராவைச் சந்தையிலேயே சோதியுங்கள். முதுகுப்பலகையைக் கழற்றி, ஷட்டர் துணியை வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தெரிகிறதா பாருங்கள். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, திரிசூலம் மலையின் விளிம்பைப் பார்த்து இரட்டை உருவம் ஒன்றாகிறதா பாருங்கள். ஏற்றிவிட்டு ஒவ்வொரு வேகத்திலும் அடித்துக் கேளுங்கள். ஆலையில் செய்யாமல் விட்ட இன்ஸ்பெக்ஷனை வாங்குகிறவர்தான் செய்ய வேண்டும், விலை குறைவாக இருப்பது அதற்கான கூலி. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் லைக்காவுக்கே பணம் சேர்க்கலாம்.