வழுவும் திருத்தமும்: கிளிங்கன் மொழி தரும் பாடம்

மரபினின்று பிறழ்வது வழு என்பர் இலக்கண நூலார். ஆயின், தாய்மொழியாகப் பேசுவோர் சமூகம் எதுவுமின்றி, தனியொருவரால் வகுக்கப்பட்ட மொழியில் வழு என்பது யாது? கிளிங்கன் மொழியைப் புதிதாகக் கற்பவரின் வாக்கியத்தைத் திருத்த முற்படுவோர் இவ்வினாவைத் தவிர்க்கவியலாது.

1984 இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் மூன்றாவது திரைப்படத்துக்காக அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் இம்மொழியை வகுத்தார். 1985 இல் அவர் வெளியிட்ட அகராதியின் முற்பகுதி ஓர் இலக்கணச் சுருக்கமாகும். விதிகளை அது தெளிவுறக் கூறுகின்றது. எனினும், ஆங்கிலம் பேசுபவர் எவ்விடத்தில், எக்காரணத்தால் வழுவுவார் என்பதை ஆராய்வது அதன் நோக்கமன்று. அப்பொறுப்பு திருத்துபவரையே சார்ந்தது.

'புக் லெக் யஷ்' என்னும் தொடரை நோக்குவோம். 'புக்' பிள்ளை, 'லெக்' காண், 'யஷ்' அதிகாரி. செயப்படுபொருள், பயனிலை, எழுவாய் என்பதே கிளிங்கனின் வைப்புமுறையாதலின், அதிகாரி பிள்ளையைக் காண்கிறார் என்பதே இதன் பொருள். பிள்ளை அதிகாரியைக் காண்கிறது என எழுதக் கருதும் மாணவர், ஆங்கில வைப்புமுறையைப் பின்பற்றி இதே தொடரை எழுதிவிடுவார். தமிழில் ஐயுருபு வெளிப்பட நிற்குமாயின் சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாது. கிளிங்கனில் எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டும் உருபு இல்லை; இடமே அதனை உணர்த்துகின்றது. எனவே மாணவர் எழுதியது இலக்கணப் பிழையற்ற வாக்கியமே, பொருள்தான் தலைகீழானது. எழுத்தை மட்டும் நோக்குபவர் இவ்வழுவைக் காணார். மாணவர் கருதியது யாதென வினவுதலே திருத்தத்தின் முதற்படியாகும்.

பிள்ளையைக் காண்கிறேன் என்பதற்கு 'புக் ஜிலெக்' என எழுதுவது மற்றொரு வழு. 'ஜி' என்னும் முன்னொட்டு, செயப்படுபொருள் இல்லாதவிடத்துத் தன்மை ஒருமைக்கு உரியது. இங்கு 'விலெக்' என்றே வருதல் வேண்டும். எழுத்தொன்றை மாற்றிக் கொடுப்பதோடு அமைந்தால், 'நான்' என்பதற்கு இரு வடிவங்கள் உள என்றே மாணவர் கருதுவார். முன்னொட்டு எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒருங்கே சுட்டுவது என்பதை உணர்ந்தால், பின்வரும் பல வழுக்கள் தாமே நீங்கும்.

திருத்துபவரும் வழுவக்கூடும் என்பதை மறத்தலாகாது. பன்மை பிறிதோரிடத்தாற் புலப்படுமாயின் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமன்று என அகராதியே கூறுகின்றது. அவ்வாறிருக்க, விகுதியில்லாப் பெயரைப் பிழையெனக் கோடிடுபவர் கிளிங்கனைத் திருத்துகின்றாரல்லர். தம் ஆங்கிலப் பழக்கத்தையே விதியாக்குகின்றார்.

பேசுவோர் வழக்கு இல்லாத மொழியில் நூல் கூறும் விதி வேறு, திருத்துபவரின் விருப்பம் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் கூறாத திருத்தம் மாணவரை அச்சுறுத்துமேயன்றி மொழியைக் கற்பிக்காது. இது கிளிங்கனுக்கு மட்டும் உரிய உண்மையன்று.