நாய் படுத்துறங்கும் பரிசல்

பரிசலை ரசிப்போரில் பலர் அதன் விளிம்பின் கட்டையும் வட்டத்தின் ஒழுங்கையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பரிசலின் தரம் முழுவதும் வெளிப்படும் இடம் அதன் அடித்தளமே, அந்தத் தளத்தை முகத்தாட்சண்யம் பாராமல் சோதிப்பது அதில் ஏறும் நாயே. மனிதர் பயத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தளம் நெகிழ்ந்தாலோ துடுப்பு தடுமாறினாலோ நாய் எழுந்து நின்றுவிடும், நடுவில் சுருண்டு படுக்காது.

தருமபுரி மாவட்டத்தின் கிழக்கில், சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாற்றின் அணையை அண்டி வாழும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்குப் பரிசல் என்றதும் மாவட்டத்தின் மறுகோடியான ஒகேனக்கல்தான் நினைவுக்கு வருகிறது. சனி, ஞாயிறு இரு நாள்களைப் படகிலும் கரையிலும் ஒரு நாயோடு கழிக்க விரும்புவோர்க்கு ஒகேனக்கல் உகந்த இடமன்று என்பது ஊன்றிச் சொல்லத்தக்க கருத்து. ஆற்றில் மேலேயுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து ஏறினால் அங்கே பரிசல் நிறுத்தப்படும். இறங்கினால் கூட்டம் நிரம்பும். பென்னாகரத்திலிருந்து தெற்கே இறங்கி நாகமரைக்குச் சென்றால், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை தேக்கிவைத்த காவிரி அகன்று கிடக்கிறது. எதிர்க்கரையிலுள்ள சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கு மக்கள் நீரைக் கடந்தே போய்வந்த துறை அது. 120 அடி வரை தேங்கும் நீர் கோடையில் வெகுவாகக் குறையும்போது, மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. நீருக்கு நடுவே அசையாமல் அமர்ந்திருக்கும் அந்த நந்தியைப் பார்த்துக் குரைக்காத நாய் அரிதாகவே இருக்கும்.

பிளந்த மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்து, ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பில் தடித்த வளையமாகக் கட்டி இறுக்குவதே பரிசல் முடையும் முறை. ஏழெட்டு அடி விட்டமுள்ள ஒன்றைத் தேர்ந்த கைகள் ஒரே நாளில் முடித்துவிடும். முன்பு அதன் வெளிப்புறத்தை மாட்டுத்தோல் மூடியது. இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் மூடுகின்றன. முடைதலின் நுட்பம் இடைவெளியில்தான் இருக்கிறது. பட்டைகள் நெருங்கிப்போனால் தளம் விறைத்து, பாறையில் உரசும்போது வளைந்துகொடுக்காமல் முறிகிறது. அகன்றுபோனால் நாயின் நகம் சந்துகளில் இறங்கி, நீரைத் தடுக்கும் ஒரே பொருளான கீழ்விரிப்பைக் கிழித்துவிடுகிறது. அளவறிந்து முடைந்த தளத்தில் நகத்துக்குப் பிடி கிடைக்கிறது, விரிப்புக்குச் சேதமில்லை. ஆள் சாய்ந்தால் தளம் மெல்ல வளைந்து, அந்த வளைவே நாயைப் பள்ளமான நடுவிடத்துக்கு நகர்த்துகிறது. வைக்கோலும் பழைய சாக்கும் விரித்து ஒப்பேற்றுவது, தளம் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் செயலே. கண்ணாடியிழைப் பரிசலைப் புகழ்வோர் அது ஒழுகாது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஈரமான கண்ணாடியிழையில் நான்கு கால்களும் நான்கு திசைக்கு வழுக்கும் விலங்கின் பாட்டை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

விலங்குக்கும் வட்டப்படகுக்கும் உள்ள உறவு பழையது. யூப்ரடீஸ் ஆற்றின் வழியே பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவந்த தோல்படகு ஒவ்வொன்றிலும் ஒரு கழுதையாவது இருந்தது என்றும், சரக்கு விற்றபின் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டுத் தோலைக் கழுதைமேல் ஏற்றி வணிகர் ஊர் திரும்பினர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். விஜயநகரத்துக்கு 1520ஐ ஒட்டி வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், கூடை போன்ற தோல்படகுகள் குதிரையையும் எருதையும்கூடச் சுமக்க வல்லவை என்றும், பெரும்பாலும் அவ்விலங்குகள் நீந்தியே கடந்தன என்றும் பதிந்தார். அப்படகுகள் நேராகச் செல்லாமல் எப்போதும் சுழன்றுகொண்டே போயின என்று அவர் சொல்வதுதான் ஏற்கத்தக்கதன்று. அவர் கண்டது துங்கபத்திரையின் நீரோட்டமாக இருக்கலாம், அல்லது சுமாரான ஓட்டியாக இருக்கலாம். பரிசலின் இயல்பை அவர் கண்டார் என்று கொள்ள முடியாது.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. நீரைக் கிழித்துத் திசை காக்கும் அடிக்கட்டையும் இல்லை. பக்கவாட்டில் துழாவினால் அது சுழலத்தான் செய்யும். தேர்ந்த ஓட்டி போக வேண்டிய திசையைப் பார்த்து அமர்ந்து, துடுப்பை முன்னால் நட்டு, நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். பரிசல் துடுப்பைப் பின்தொடர்ந்து நேராகச் செல்கிறது. இதுவே கலை. சுற்றுலாத் துறைகளில் இன்று கைதட்டல் பெறுவதோ வேண்டுமென்றே பம்பரமாகச் சுழற்றிக் காட்டும் வித்தை. ஒரு காலத்தில் கற்றுக்குட்டிக்குக் கேலி வாங்கித்தந்த அசைவு, பயணி கூவினால் போதும் என்ற நிலையில் தனிச் சிறப்பாக உயர்ந்துவிட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களை ஒரு கலைப்பொருளுக்குரிய கவனத்தோடு ஆராய்ந்து எழுதினார். அவருடைய கவனத்தில் பாதி இன்றைய வாடிக்கையாளருக்கு இருந்தால் ஓட்டிகளும் பழைய கையைக் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

இரவு தங்குவதிலும் தெரிவு வேண்டும். காவிரியின் மேற்பகுதிக் காடுகளில் பெரும்பரப்பு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே நாயைக் கொண்டுசெல்வது தகாது. வெறிநோயும், நாய்களிடமிருந்து காட்டு ஊனுண்ணிகளுக்குத் தாவும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயும் அதற்குப் போதுமான காரணங்கள். எனவே நீர்த்தேக்கக் கரையில் ஊரார் இசைவு பெற்ற பட்டா நிலமே உரிய இடம். கேழ்வரகுக் களியும் அன்று வலையில் விழுந்த ஜிலேபி மீனின் குழம்பும் அங்கே கிடைத்துவிடும். முள்ளெடுத்த சதையும் களியும் நாய்க்கும் போதும், குழம்பின் காரம் ஆகாது. காவிரியில் முதலை உண்டு என்பதால் அந்திக்குப் பின் நாயை நீரோரம் விடக்கூடாது.

எந்த நாய் என்பதில்தான் ரசிகர்கள் பிரிகிறார்கள். லாப்ரடார் வகையின் மூதாதையர் நியூபவுண்ட்லாந்து மீனவரோடு கடலில் உழைத்தவர்கள் என்பதால் அதுவே நீருக்கு ஏற்றது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். ஆனால் நீந்தத் தெரிந்த நாய் அடிக்கொரு தரம் குதிக்கும். முப்பது கிலோ ஈர உடம்பு ஒரே பக்க விளிம்பில் தொற்றி ஏறுவதைத் தாங்கும் பரிசலை இன்னும் யாரும் முடைந்ததில்லை. கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட வேட்டை நூலில், கும்மலாபுரத்துச் சிறுத்தைக்காகக் காத்திருந்த இரவில் அவரை எச்சரித்துக் காப்பாற்றியது பெயரில்லாத ஒரு தெருநாய். நிப்பர் என்ற பெயர் அதற்குப் பின்னால் கிடைத்தது. எடை குறைந்த, தேவையின்றி நீரில் இறங்காத, இரவில் ஒரு காதைத் திறந்துவைத்துத் தூங்கும் அந்த நாட்டு நாயே பரிசலுக்கும் கூடாரத்துக்கும் பொருந்துவது. சிப்பிப்பாறை நாய்ப் பிரியர்கள் இதை ஏற்பதில்லை. அந்த நீண்ட கால்களை மடித்துவைக்கப் பரிசலில் எங்கே இடம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.